பழைய ரயில் பெட்டி கிட்: ஒட்டிவிட்டு வண்ணம் பூசுவதா, பூசிவிட்டு ஒட்டுவதா?

நைட்ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்குச் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் பணிமனையில் இரவு ஷிப்ட். போகி (பெட்டிக்கு அடியில் சக்கரம் மாட்டிய சட்டம்), பிரேக், சக்கரம் எல்லாம் தினமும் கைபடுகிற சாமான்கள்தான். ஆனால் உள்ளங்கை அளவில் ரயில் எதையும் கட்டியதில்லை. போன மாதம் பழைய சாமான் விற்கிற கேரசெல் தளத்தில் ஒருவர் ரேஷியோ கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை 30 வெள்ளிக்குப் போட்டிருந்தார். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஓட்டிய நான்கு சக்கரப் பயணிகள் பெட்டி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓடிய மாதிரி. ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76. கட்டி முடித்தால் 11 செ.மீ. சொச்சம் நீளம் வரும். பொங்கோலிலிருந்து புக்கிட் பாத்தோக் வரை போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

விற்றவர் எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை, ஒரு பக்கச் சுவர் நடுவில் வில்லாக வளைந்திருக்கிறது. செய்முறைத் தாளில் பாதியைக் காணோம். மற்றபடி எல்லாத் துண்டுகளும் சட்டத்திலேயே இருக்கின்றன. கதவுக் கைப்பிடி, கூரையில் வருகிற விளக்கு மூடி, பிரேக் கட்டை எல்லாம் அவ்வளவு நுணுக்கம். சுவரில் ஒவ்வொரு பேனலைச் சுற்றியும் மெல்லிய பீடிங் புடைத்து நிற்கிறது. அதைப் பார்த்துதான் கை நடுங்குகிறது. மேலே க்ரீம், கீழே சாக்லேட் பழுப்பு, பீடிங் ஓரத்தில் பொன் கோடு. அசல் படங்களில் அப்படித்தான் இருக்கிறது.

கேட்க நினைப்பது இவைதான். வளைந்த சுவரை எப்படி நிமிர்த்துவது? முழுதாக ஒட்டிவிட்டு வண்ணம் பூசுவதா, பூசிய பிறகு ஒட்டுவதா? அந்தப் பொன் கோட்டை மனிதர்கள் எப்படித்தான் போடுகிறார்கள்? வீட்டில் பாம் ஷெல்ட்டரை, குண்டுவீச்சு வந்தால் ஒதுங்குகிற அறையை, காலி செய்து வைத்திருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே ஸ்ப்ரே அடிக்கலாம் என்று திட்டம். மனைவிக்கும் சம்மதம், வாடை வெளியே வராது என்பதால்.

இன்னொன்று. இதையே கொஞ்சம் மாற்றி நம் பழைய மலாயா ரயில் பெட்டி மாதிரி ஆக்க முடியுமா? தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய வண்டி என்றால் அலமாரியில் வைக்கவே தனி மரியாதை.


கோப்பி ஓ கோசோங் எழுதியது:

வாங்க பிரதர். நான் குண்டாம் ஆள், அதாவது ஜப்பானிய ரோபோ கிட் கட்டுகிறவன், ரயில் கட்டியதில்லை. ஆனால் பிளாஸ்டிக் என்பது பிளாஸ்டிக்தானே.

பசைக்குத் தமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்டது, அது போதும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷால் தொட்டால் தானே ஓடி நிரம்பும். எல்லாவற்றையும் முதலில் ஒட்டி, இடைவெளியைப் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, அப்புறம் ஸ்ப்ரே கேன். இதுதான் என் வழக்கம். பூசிய பிறகு ஒட்டினால் மூலையில் இடைவெளி தெரியும், அதைத் தேய்க்கப் போனால் போட்ட வண்ணமும் போய்விடும். ஸ்ப்ரே அடிக்கப் பலமாடிக் கார்ப்பார்க்கின் மொட்டை மாடிதான் நல்ல இடம், காலையில் ஆள் இருக்காது.

கோட்டுக்கு ஏன் பயப்படுகிறீர்கள்? பேனல் லைனர் என்று சின்ன பாட்டில் விற்கிறது. நுனியால் தொட்டாலே மை கோட்டுக்குள் ஓடிவிடும். பொன் நிறத்தில் ஒன்று கலந்துகொண்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.


மைக்கோடு எழுதியது:

தம்பி நைட்ஷிப்ட், முதலில் அந்தப் பாம் ஷெல்ட்டர் திட்டத்தைக் கைவிடுங்கள். கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டுக்கு அது சரி, தின்னர் புகைக்குச் சரியே இல்லை. உள்ளே காற்று ஓடாது, கதவைச் சாத்தினால் தலை சுற்றும். தீப்பற்றக்கூடிய ஆவி அது, உள்ளே ஒரு ஃபேன் சுவிட்சைப் போட்டாலே ஆபத்து. சாமான்களை அடுக்கி வைக்க, ஒட்டியதைக் காயவைக்க ஷெல்ட்டரைப் பயன்படுத்துங்கள். ஸ்ப்ரே அடிப்பது சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில், ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு. பொது நடைபாதையில் அடித்து அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம். கார்ப்பார்க் மாடியில் காற்று மணலைக் கொண்டுவந்து ஈர வண்ணத்தில் ஒட்டும், அதனால் அதுவும் எனக்குப் பிடிக்காது.

இனி உங்கள் தலைப்புக் கேள்வி. பழைய ரயில் பெட்டியில் ஒட்டுகிற வேலை கால்வாசிதான், முக்கால்வாசி வண்ண வேலை. அதனால் வண்ணத்துக்கு எது வசதியோ அந்த வரிசையில்தான் கட்ட வேண்டும், தாளில் 1, 2, 3 என்று போட்டிருக்கிற வரிசையில் இல்லை. பக்கச் சுவர் இரண்டையும் மேசையில் தட்டையாகப் படுக்கவைத்து, கோடு, வார்னிஷ் வரை முடித்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். பெட்டியாக நிற்கவைத்த பிறகு பேனாவை நேராகப் பிடிக்க முடியாது, ஸ்கேலை எதன்மேலும் சாய்க்கவும் முடியாது.

கோப்பி ஓ சொன்ன மூலை இடைவெளி உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதை வண்ணத்துக்கு முன்பே தீர்த்துவிடலாம். சுவர்களையும் முனைச் சுவர்களையும் பசையில்லாமல் டேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். எந்த மூலை சேரவில்லையோ அதை அப்போதே உப்புத்தாளில் தேய்த்துச் சேர்த்துவிடுங்கள். முனைச் சுவருக்கு ஒரே அடர்நிறம்தான், அங்கே கோடு கிடையாது. கடைசியில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் முனைப் பக்கமாக ஒரு பிரஷ் தொட்டால் போச்சு. குண்டாமில் எல்லாப் பக்கமும் முகம், ரயில் பெட்டிக்கு முகம் இரண்டு பக்கச் சுவர் மட்டும்தான்.

வளைந்த சுவருக்கு: கை தாங்குகிற சூட்டில், கொதிக்காத வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். கண்ணாடிப் பலகைமேல் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடி, அதன்மேல் கனமான புத்தகம், ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். ஒரே தடவையில் நிமிராவிட்டால் திரும்பவும் செய்யலாம், அவசரப்பட்டுச் சூட்டை மட்டும் ஏற்றாதீர்கள். அந்தக் காலப் பெட்டிகளின் பக்கச் சுவர் கீழே போகப்போக உள்வாங்கும். கிட்டில் அந்த வளைவு இருந்தால் அதை நசுக்கிவிடாமல் மேல்பாதியை மட்டும் அழுத்துங்கள். மிச்சமிருக்கிற கொஞ்சம் வளைவை உள்ளே வருகிற தடுப்புச் சுவர்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வண்ணத்துக்கு முன் பாத்திரம் கழுவுகிற சோப்பில் எல்லாத் துண்டையும் கழுவுங்கள். முதல் பூச்சாக வெள்ளைப் பிரைமர் அடியுங்கள், சாம்பல் வேண்டாம். சாம்பல்மேல் க்ரீம் அழுக்காகத் தெரியும். சுவர் முழுக்க க்ரீம். நன்றாகக் காய்ந்ததும் இடுப்புக் கோட்டுக்கு மேலே மாஸ்கிங் டேப். பீடிங் புடைத்திருப்பதால் டேப் எங்கேயாவது தூக்கிக்கொண்டு நிற்கும், பழுப்பு அதன் அடியில் கசியும். அதற்கு வழி, டேப் ஒட்டிய பிறகு அதன் ஓரத்தில் மறுபடியும் க்ரீமையே மெல்லிசாகப் பூசிவிடுவது. கசிந்தாலும் க்ரீம்மேல் க்ரீம்தான் கசியும், சந்து அடைபட்டுவிடும். அதன்மேல் பழுப்பு அடித்தால் டேப்பை உரிக்கும்போது கத்தியால் வெட்டின மாதிரி ஓரம் வரும்.

மழைக்கு முந்திய புழுக்கத்தில் லாக்கர் (சீக்கிரம் காய்கிற பெயின்ட்) ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது, நம் ஊர்க் காற்றிலிருக்கிற ஈரம் அதில் படிந்து வெள்ளைப் புகை பிடித்ததுபோல் ஆகிவிடும். பழுப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் மெதுவாகக் காய்கிற தின்னரை மேலாக ஒரு தூவு தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காயவைக்க, கேமரா வைக்கிற டிரை கேபினெட் இருந்தால் அருமை. தின்னர் வாடை முழுக்க அடங்கின பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். லென்ஸ்களை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இன்னொருவர் சண்டைக்கு வருவார்.

இப்போது கோடு. இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்தேன்.

பேனல் லைனர் இங்கே உதவாது. குண்டாமில் கோடு பள்ளத்தில் இருக்கிறது, மை தானாகப் பள்ளத்தில் ஓடும். ரயில் பெட்டியில் பொன் கோடு மேட்டின் ஓரத்தில். லைனரை விட்டால் அது பீடிங்குக்குக் கீழே இறங்கி க்ரீம் மூலையில் தேங்கும், உங்களுக்கு வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்தப் பாட்டிலை வீணாக்க வேண்டாம், கதவுச் சந்துகளுக்குக் கறும்பழுப்பில் விடுங்கள், கதவு தனியாக எடுப்பாகத் தெரியும்.

எவ்வளவு மெல்லிய கோடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜத்தில் 1 செ.மீ. அகலக் கோடு 1:76இல் 0.13 மி.மீ. நான் வரைபட அறையில் வேலை பார்த்தவள். அங்கே 0.13 ராட்ரிங் பேனா இருந்தது, காகிதத்தில் இந்திய மையோடு அற்புதமாக ஓடும். அதில் பெயின்ட்டை ஊற்றினால் உள்ளே இருக்கிற ஊசிக்கம்பி ஒட்டிக்கொண்டு பேனா செத்துப்போகும். வேண்டியது அதற்கும் முந்தைய கருவி, ரூலிங் பென். இரண்டு எஃகு அலகு, நடுவில் ஒரு திருகு. திருகை முடுக்கினால் கோடு மெலியும், தளர்த்தினால் தடிக்கும். கணினி வந்ததும் எங்கள் அறையில் இவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைத்தார்கள். யாருக்கு வேண்டும் என்று கேட்டபோது நான் கை தூக்கினேன், அவ்வளவுதான் கதை.

பேனாவைப் பெயின்ட்டில் முக்கக் கூடாது. சின்னப் பிரஷ்ஷில் பெயின்ட்டை எடுத்து இரண்டு அலகுக்கும் நடுவில் தடவினால் அது அங்கேயே நிற்கும். 3, 4 மி.மீ. உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், கனம் கூடினால் தொட்ட இடத்தில் குமிழாக இறங்கும். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். பெயின்ட் நீர்மோர் பதத்தில் இருக்கட்டும். தமியா எனாமலில் (மெதுவாகக் காய்கிற எண்ணெய்ப் பெயின்ட்) எக்ஸ்-12 கோல்ட் லீஃப் என்று ஒன்று உண்டு, அதை நன்றாகக் கலக்கி எடுங்கள். பொன் துகள் அடியில் தங்கும், மேலே இருக்கிற வெறும் எண்ணெயை எடுத்தால் கோடு தேநீர்க் கறையாக வரும்.

அடி வண்ணம் லாக்கர், கோடு எனாமல். இந்த வித்தியாசம் முக்கியம். எனாமல் தின்னர் காய்ந்த லாக்கரைத் தொடாது. கோடு கோணினால் பிரஷ்ஷில் ஒரு துளி எனாமல் தின்னர் எடுத்துத் துடைத்தால் கோடு மட்டும் போய்விடும், க்ரீமுக்குச் சேதமில்லை. இந்தத் தைரியம் இருந்தால்தான் கை நடுங்காது. அக்ரிலிக் பெயின்ட் வேண்டாம், ஏர்கான் அறையில் அலகு நுனியிலேயே காய்ந்துவிடும்.

நேர்க்கோட்டுக்கு எஃகு ஸ்கேல். அதன் அடியில் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டுங்கள். ஸ்கேல் ஓரம் சுவரைத் தொடாமல் மிதக்கும், பெயின்ட் ஸ்கேலுக்கு அடியில் ஓடாது. பேனாவைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, போகிற திசையில் லேசாகச் சாய்த்து, இரண்டு அலகும் ஒன்றாகத் தொட இழுங்கள். ஒரே வேகம், நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரு கோட்டின்மேல் இரண்டாவது தடவை போகவே கூடாது. பீடிங் எடுப்பாக இருக்கிற இடத்தில் ஸ்கேலே வேண்டாம், அலகின் ஒரு பக்கத்தைப் பீடிங் ஓரத்தில் சாய்த்தால் அதுவே வழிகாட்டும். பேனல் மூலை வளைவுகளுக்கு நான் பேனாக் கால் மாட்டிய சின்னக் கவராயம் வைத்திருக்கிறேன். இல்லாதவர்கள் நேர்க்கோடுகளைப் போட்டுக் காயவிட்டு, வளைவை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் இணைக்கலாம். மேல் கோடுகள் எல்லாம், கீழ்க் கோடுகள் எல்லாம், அப்புறம் இடப்பக்க நெடுங்கோடுகள் எல்லாம் என்று போங்கள். ஒரு பேனலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஈரக்கோட்டில் உள்ளங்கை படும்.

முதலில் பழைய சிடி மூடியிலோ பிளாஸ்டிக் தாளிலோ பழகுங்கள். என்னால் அசல் 0.13 எல்லாம் வராது, 0.2, 0.25 வரும். கண்ணுக்கு அது போதும்.

வார்னிஷ் பாதி மினுமினுப்பில். நிஜப் பெட்டிகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தாலும் இந்த அளவில் அது பொம்மையாகத் தெரியும். வார்னிஷ் காய்ந்த பிறகுதான் ஜன்னல் பிளாஸ்டிக். அதைச் சூப்பர் குளூவில் ஒட்டவே ஒட்டாதீர்கள். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும், அப்போது கிளம்புகிற ஆவி படிந்து ஜன்னல் பனி பிடித்தது மாதிரி வெளுத்துவிடும். மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது.


நைட்ஷிப்ட் எழுதியது:

அக்கா, இதை அச்செடுத்து மேசையில் ஒட்டிவிட்டேன். ஷெல்ட்டர் திட்டம் ரத்து, மனைவியிடம் நீங்கள் எழுதியதையே காட்டினேன்.

ரூலிங் பென் இப்போது எங்கே கிடைக்கும்? அப்புறம் சக்கரம். கிட்டோடு வந்த சக்கரம் பிளாஸ்டிக், அச்சும் பிளாஸ்டிக். மேசையில் தள்ளினால் ஒரு முழம் போய் நின்றுவிடுகிறது. பணிமனைக்காரன் வீட்டில் இப்படி ஒரு வண்டி இருக்கக் கூடாது.


மீட்டர்கேஜ் எழுதியது:

மலாயா ரயில் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, வந்துவிட்டேன்.

நண்பரே, இந்தக் கிட்டை மாற்றாதீர்கள். நம் பாதை மீட்டர் கேஜ், தண்டவாளத்துக்கு இடையில் 1,000 மி.மீ. இங்கிலாந்துப் பாதை 1,435. அடிச்சட்டத்தை மட்டும் குறுக்கினால் ஆகாது, வண்டியின் பாவனையே வேறு. இன்னொரு வேடிக்கை பாருங்கள். உங்கள் 1:76 கிட் ஓடப்போவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். 76.2ஆல் பெருக்கினால் 1,257 மி.மீ. நிஜத்தைவிடக் கிட்டத்தட்ட 18 செ.மீ. ஒடுக்கம். பிரிட்டிஷ்காரர்கள் 1:87க்கான தண்டவாளத்தில் 1:76 வண்டியை ஏற்றி, அப்படியே பழகிப்போனார்கள். பொறுக்காதவர்கள் 18.83 மி.மீ. தண்டவாளத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு அந்த கிரேட் வெஸ்டர்ன் கம்பெனிக்கு 1892 வரை 7 அடி அகலப் பாதையும் இருந்தது. கேஜ் விஷயத்தில் அவர்கள் பேச்சை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

மலாயா பெட்டிதான் வேண்டும் என்றால் 1:87க்குப் போங்கள். மீட்டர் கேஜ் அதில் 11.5 மி.மீ., கடையில் கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையச் சரியாக உட்காரும். ஐரோப்பாவின் மலை ரயில்கள் பல மீட்டர் கேஜ் என்பதால் அந்தத் தண்டவாளமும் போகியும் தயாராகவே விற்கின்றன. நம் ஊட்டி ரயிலும் அதே அகலம்தான், பின்னால் ஆசை வந்தால் அதையும் கட்டலாம். உடலை மட்டும் பிளாஸ்டிக் தாளில் நீங்களே வெட்ட வேண்டியிருக்கும்.

படத்துக்குத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையப் படத்தொகுப்பைத் தேடுங்கள். எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1903இல் இங்கே ரயில் வந்தபோது முனையம் டேங்க் ரோடு. 1923இல் கடலுக்குக் குறுக்கே போட்ட காஸ்வே பாதையில் ரயில் விட்ட பிறகு வண்டி நேராக ஜோகூருக்குப் போனது. தஞ்சோங் பகார் நிலையம் 1932இல்தான். கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு, ஜோகூர் சுல்தானே எஞ்சினை ஓட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு காலத்துக்கும் பெட்டி வேறு, நிறம் வேறு. பெட்டியின் அளவு தெரியாவிட்டால் படத்தில் பக்கவாட்டாக நிற்கிற பெட்டியைத் தேர்ந்தெடுத்து, சக்கர விட்டத்தையோ கதவு உயரத்தையோ அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடலாம். ஆள் கதவருகில் நின்றிருந்தால் இன்னும் நல்லது.

மைக்கோடு அக்காவின் பொன் கோடு எல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகம். மழையிலும் வெயிலிலும் அடிபட்ட வண்டிதான் எனக்கு அழகு. வெளுத்த நிறம், பிரேக் தூசி, கூரையில் புகை. அதற்கு ரூலிங் பென் தேவையே இல்லை.


மைக்கோடு எழுதியது:

மீட்டர்கேஜ், அழுக்கை எப்போது வேண்டுமானாலும் மேலே பூசிக்கொள்ளலாம். அடியில் ஒழுங்கான வேலை இல்லாவிட்டால் அழுக்கு பூசின பிறகும் அந்த வேலை தெரியும். கேஜ் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், முதல் கிட்டை அதன் போக்கிலேயே கட்டட்டும்.

தம்பி, ரூலிங் பென் பழைய ஜெர்மன் வரைகருவிப் பெட்டிகளில் இருக்கும். கேரசெல்லில் 'டிராயிங் செட்' என்று தேடிப் பாருங்கள், விற்பவருக்கே அது என்ன என்று தெரியாமல் கவராயத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். பிராஸ் பாசா காம்ப்ளக்சில் ஓவியப் பொருள் கடைகளிலும் கேளுங்கள், அலங்கார எழுத்து எழுதுகிறவர்கள் இன்னும் வாங்குகிறார்கள். வாங்கும்போது இரண்டு அலகும் ஒரே நீளமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் திருகை மூடி, 2000ஆம் நம்பர் ஈர உப்புத்தாளில் இரண்டையும் சேர்த்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஒவ்வொரு நாலைந்து கோட்டுக்கும் பேனாவைத் திறந்து துடைக்க வேண்டும், அதற்குச் சோம்பல் பட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

சக்கரத்துக்கு: பிளாஸ்டிக்கைத் தூர எறியுங்கள். 14 மி.மீ. விட்டத்தில் உலோக விளிம்பு வைத்த மேன்செல் சக்கரம் வாங்குங்கள், அச்சு நுனிக்கு நுனி 26 மி.மீ. இருக்க வேண்டும், முனை ஊசியாக இருக்கும். அச்சுப்பெட்டியில் துளை போட்டுப் பித்தளைக் கிண்ண பேரிங்கை அழுத்திவிட்டால் மேசையின் அந்தக் கோடிவரை ஓடும். நீங்கள் பணிமனைக்காரர், இது உங்களுக்குப் பிடிக்கும்: நிஜ மேன்செல் சக்கரத்தில் ஆரம் கிடையாது, இரும்பு மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் 16 தேக்குத் துண்டுகள். மரம் அதிர்வை வாங்கிக்கொள்வதால் சத்தம் குறைவு. அதனால் நடுப்பகுதிக்குத் தேக்கு நிறம் கொடுங்கள், கறுப்பு அடித்துவிடாதீர்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் தரையில் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். பிளாஸ்டிக் பசையின் ஆவி உள்ளே அடைபட்டால் சுவர் மாதக்கணக்கில் மெதுவாக உள்பக்கம் வளையும். ஏற்கெனவே ஒரு சுவரை நிமிர்த்தியிருக்கிறீர்கள், மறுபடியும் அந்த வேலை வேண்டாம். எடை ஓர் அச்சுக்கு 25 கிராம் என்பது பொதுக் கணக்கு, உங்களுக்கு மொத்தம் 50 கிராம் வந்தால் போதும். கார் டயருக்கு ஒட்டுகிற இரும்புத் தகடு 5 கிராம், 10 கிராம் என்று பட்டையாகக் கிடைக்கும், இருக்கைக்கு அடியில் மறைத்துவிடலாம். ஈயக் குண்டை வெள்ளைப் பசையில் குழைத்துப் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈயம் அந்தப் பசையோடு சேர்ந்து வெள்ளையாகப் பூத்து வீங்கும், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே. வீங்கினால் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.


கோப்பி ஓ கோசோங் எழுதியது:

அக்கா, லைனர் விஷயம் புரிந்தது. பள்ளம், மேடு என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கார்ப்பார்க் மாடியை விட்டுக்கொடுக்க மாட்டேன், காலை ஏழு மணிக்குக் காற்று இருக்காது, அட்டைப்பெட்டியைச் சாய்த்து அதற்குள் அடித்தால் மணலும் வராது.

நைட்ஷிப்ட், வெளிநாட்டுக் கடையிலிருந்து சக்கரமும் பேரிங்கும் தருவிக்கும்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் வையுங்கள், 2023இலிருந்து சின்னப் பார்சலுக்கும் பெரும்பாலும் உண்டு. பெயின்ட்டை மட்டும் அங்கிருந்து கேட்காதீர்கள். எனாமல், லாக்கர் எல்லாம் தீப்பற்றக்கூடியது, விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள்.


நைட்ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுவர் இப்போது கண்ணாடிக்கு நடுவில், மேலே மகளின் கணக்குப் புத்தகங்கள். மலாயா பெட்டி அடுத்த வருடத்துக்கு, மீட்டர்கேஜ் அண்ணனிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். கூரைக்கு வெள்ளையா, சாம்பலா? அசல் படம் சிலதில் வெள்ளை, சிலதில் கன்னங்கரேல்.


மைக்கோடு எழுதியது:

இரண்டும் ஒரே கூரைதான். பணிமனையிலிருந்து வரும்போது ஈய வெள்ளை பூசி வந்தது. எஞ்சின் புகையிலிருக்கிற கந்தகம் பட்டு ஈய வெள்ளை கறுக்கும், கரித்தூளும் படியும், அதனால் கொஞ்ச நாளிலேயே சாம்பல். நீங்கள் புதிதாக மெருகேற்றிய பெட்டியாகக் காட்டினால் வெள்ளை பொருந்தும், ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி என்றால் நடுச் சாம்பல் அடித்து, விளக்கு மூடிகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கறுப்பைத் தேய்த்துவிடுங்கள். கூரையை ஒட்டாமல் வெறுமனே உட்காரவைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பயணிகளை உட்காரவைக்க ஆசை வரும்.